இலங்கை மலையகத்து ஸ்கூல்ல ரெண்டு வாரம் பாடம் சொல்லிக்குடுக்கப் போலாம்னு இருக்கேன், போனவங்க இருக்கீங்களா?

கோபி பச்சவயல் எழுதியது:

வணக்கமுங்க எல்லாருக்கும். எனக்கு ஊரு கோபிச்செட்டிபாளையம் பக்கம், திருப்பூர்ல ஒரு பனியன் எக்ஸ்போர்ட் கம்பெனில மெர்ச்சண்டைசரா இருக்கேன். இந்த வேலைய விட்டுப்போட்டு அடுத்ததுல சேர்றதுக்கு நடுவுல பிப்ரவரி பாதில இருந்து மார்ச் கடைசி வரைக்கும் ஒன்றரை மாசம் கையில நிக்குது. இந்த மாதிரி டைம் இனி கல்யாணம் காச்சினு ஆச்சுன்னா கெடைக்கவே கெடைக்காதுங்க.

2021 கடைசில இல்லம் தேடிக் கல்வி ஆரம்பிச்சப்போ நானும் தன்னார்வலரா பேர் குடுத்து எங்க ஊட்டுத் திண்ணைலயே பொழுதோட பொடுசுகளுக்கு சொல்லிக்குடுத்துட்டு இருந்தேன். நாலாவது படிக்கற பையன் ஒருத்தன், கொரோனால ரெண்டு வருசம் ஸ்கூலே பாக்காதவன், எழுத்து ஒண்ணும் கூட்ட வராது. ஒரு நா ரோட்டுல பஸ் போனப்போ போர்டப் பாத்து ச-த்-தி-ய-ம-ங்-க-ல-ம்னு கத்திப் படிச்சுப்போட்டு என்னையத் திரும்பிப் பாத்தான் பாருங்க, அந்த மூஞ்சி இன்னும் எனக்கு மறக்கல. அதுக்கப்புறம் வேலை, திருப்பூர், ஷிப்மெண்ட்டுனு ஓடிப்போச்சு, மறுக்கா அந்த மாதிரி ஒண்ணு பண்ணோணும்னு மனசுல இருந்துட்டே இருக்குது.

இப்ப விசயத்துக்கு வர்றேன். இன்ஸ்டாகிராம்ல ஒரு ஏஜென்சி விளம்பரம் பாத்தேன். ரெண்டு வாரம், ஃப்ளைட் போக 85 ஆயிரம். ஒண்ணு இலங்கை மலையகத்துல தோட்டத் தொழிலாளர் புள்ளைக படிக்கற ஸ்கூல், இன்னொண்ணு கம்போடியால அங்கோர்வாட் பக்கத்துல ஒரு குழந்தைகள் காப்பகம். காலைல ரெண்டு மணி நேரம் பாடம், மத்தியானத்துக்கு மேல ஊர் சுத்திக்காட்டறது, அதுவும் பேக்கேஜ்லயே வருதாம். எனக்கு இலங்கை தான் மனசுல நிக்குது, தமிழ்ப் புள்ளைகங்கறதால பாசை பிரச்சினை இல்லனு நெனைக்கறேன். ஊர் பாக்கவும் ஆசை தானுங்க, அத மறைக்க ஒண்ணுமில்ல, சின்ன வயசுல இருந்து மேட்டுப்பாளையம் தாண்டி எங்கயும் போனதில்ல.

கேள்வி என்னன்னா, ரெண்டு வாரத்துல புள்ளைகளுக்கு உருப்படியா எதாச்சும் பண்ண முடியுமா, இந்த ஏஜென்சி காசு நாயமா, தனியாப் போனா எப்படிப் போறது, ஸ்கூல் லீவு எப்ப, என்ன பாடம் எடுத்துட்டுப் போறது. அம்மா வேற “உள்ளூர்ல இல்லாத புள்ளைகளா கண்ணு அங்க இருக்குது”னு கேக்கறாங்க, அதுக்கு எனக்கு பதில் சொல்லத் தெரியல. போனவங்க சொல்லுங்க ப்ளீஸ்.


சென்னிமலைத் தறி எழுதியது:

தங்கச்சி, நான் போயிட்டு வந்தவன், அதனால கொஞ்சம் நீளமாவே எழுதறேன். தனியார் ஸ்கூல்ல சயின்ஸ் வாத்தியாரா இருக்கேன். ரெண்டு வருசம் முன்னால ஆன்லைன்ல பழக்கமான ஒரு மலையக வாத்தியார் மூலமா ஹட்டன் பக்கம் ஒரு தோட்டத்துப் பாடசாலைல மூணு வாரம் இருந்தேன். ஏஜென்சி எதுவும் இல்ல, அவரு ஊட்டு மாடி ரூம்ல தங்கிக்கிட்டேன், சாப்பாட்டுக்கு மாசக் கணக்குப் பேசிக் குடுத்தேன்.

முதல்ல என்ற தப்பச் சொல்லிடறேன். தமிழ் மீடியம் தானே, நம்ம தமிழ் தானேனு ஒண்ணும் பாக்காமக் கெளம்பிட்டேன். முதல் நாள் ஏழாம் தரத்துல போர்டுல ஒளிச்சேர்க்கைனு பெருசா எழுதறேன், பசங்க ஒருத்தன் மூஞ்சிய ஒருத்தன் பாக்கறானுக. முன் பெஞ்சுல இருந்த புள்ள ஒண்ணு மெதுவா எந்திரிச்சு “சேர், ஒளித்தொகுப்பா?”னு கேட்டுச்சு. அப்பத்தான் எனக்கு ஒறச்சுது. நம்ம ஆக்சிஜன் அங்க ஒட்சிசன், செல்லு கலம், வேதியியல் இரசாயனவியல், இயற்பியல் பௌதிகவியல், இயற்கணிதம் அட்சர கணிதம், வடிவியல் கேத்திர கணிதம். நாம நம்ம சொல்ல ரெண்டு வாரம் சொல்லிக் குழப்பிப்போட்டு வந்துட்டா அந்தப் புள்ள பரீட்சைல அதையே எழுதி வெக்கும், மார்க் போறது அதுக்குத்தான். அன்னிக்கு ராத்திரியே அவங்க கல்வி வெளியீட்டுத் திணைக்களம் சைட்ல இருந்து தமிழ்ப் புத்தகமெல்லாம் டவுன்லோட் பண்ணி உக்காந்து படிச்சேன். இலவசமாவே கெடைக்குது, நீங்க ஊர்லயே எறக்கி, எடுக்கப்போற வகுப்போட புத்தகத்த ஒருக்கா முழுசா படிச்சுப்போட்டுப் போங்க. இது ஒண்ணப் பண்ணுனாலே பாதிக் கெணறு தாண்டுன மாதிரி.

ஸ்கூலு காலைல 7:30க்கு ஆரம்பிச்சு மத்தியானம் 1:30க்கு முடிஞ்சுரும். வெள்ளை யூனிபார்ம். மேல் டிவிசன் லயத்துல (தோட்டத்து லைன் வீடுக) இருந்து செம்மண் பாதைல எறங்கி வர்ற புள்ளைக மழை நாள்ல செருப்பக் கையில புடிச்சுட்டு வந்து, ஸ்கூல் வாசல்ல டிரம்ல இருக்கற தண்ணில காலக் கழுவி, துண்டு இல்லாம அப்படியே கால ஒதறிப்போட்டு செருப்ப மாட்டும். பாவாடை ஓரத்துல செவப்புக் கறை மட்டும் போகாது, அத மடிச்சுப் புடிச்சுட்டே உக்காரும். பெல்லுக்கு ஒரு தண்டவாளத் துண்டு தொங்கும். அதிபர்னா அவரு தான் நம்ம எச்செம், நம்மள சேர்ம்பாங்க, உங்கள டீச்சர்னே கூப்புடுவாங்க.

ரெண்டு வாரத்துல என்ன பண்ண முடியும்னு கேட்டீங்கல்ல. தனியா நீங்க கிளாஸ் எடுத்துட்டு வந்தா ஒண்ணும் நிக்காது, இது அனுபவத்துல சொல்றேன். என்ற மூணு வாரத்துல உருப்படியா நின்னது ஒண்ணே ஒண்ணு தான். அங்க லேப் இல்ல. அந்த சயின்ஸ் டீச்சரோட சேந்து, தோட்டத்துல கெடைக்கறத வெச்சே செய்யற சோதனையா ஒரு நோட்டுல எழுதுனோம். செம்பருத்திப் பூவ (அவங்க செவ்வரத்தைங்கறாங்க) சுடுதண்ணில போட்டு அந்தச் சாறுல எலுமிச்சை விட்டா செவக்குது, சோப்புத் தண்ணி விட்டா பச்சையாவுது, அமிலம் காரம் பாடம் அதுலயே முடிஞ்சுது. அந்த டீச்சர் இன்னும் ஒவ்வொரு வருசமும் அதப் பண்ணிப்போட்டு கண்ணாடி டம்ளர வரிசையா வெச்சு போட்டோ அனுப்பறாங்க. நான் தனியா நின்னு கத்தி எடுத்த பாடமெல்லாம் என்ன ஆச்சுன்னு ஆருக்கும் தெரியாது.

இன்னொண்ணு. கடைசி நாள் பசங்க “எப்ப சேர் மறுபடி வருவீங்க”னு கேட்டாங்க, அழுகை வந்துருச்சு, அடுத்த வருசம்னு சொல்லிப்போட்டேன். போக முடியல. அப்பாவுக்கு ஆபரேசன், செலவு. ஒரு பையன் ஜனவரி முழுக்க கேட்டுட்டே இருந்தானாம். தயவு செஞ்சு வாக்குக் குடுத்துட்டு வராதீங்க தங்கச்சி.

அனுமதி விசயம்: அரசாங்கப் பாடசாலைக்குள்ள வெளியாள் போறதுக்கு அதிபர் மட்டும் சரின்னா பத்தாது, வலயக் கல்விப் பணிமனைல எழுதி வாங்கோணும். எனக்கு அந்த வாத்தியார் தான் ஓடியாடி வாங்கிக் குடுத்தாரு, ஒன்றரை மாசம் ஆச்சு. இப்பவே ஆரம்பிச்சாத்தான் பிப்ரவரிக்கு ஆவும்.


ஆனைமலை டீச்சரம்மா எழுதியது:

அம்மிணி, நான் வால்பாறைல எஸ்டேட் ஸ்கூல்ல 22 வருசம் இருந்து ரிட்டயர் ஆனவ. இலங்கைக்குப் போனதில்ல, ஆனா வெளிய இருந்து வந்து சொல்லிக்குடுக்கறோம்னு வர்றவங்கள அந்தப் பக்கத்துல இருந்து பாத்தவ, அத மட்டும் சொல்றேன்.

வருசத்துக்கு நாலு கூட்டம் வரும் எங்க ஸ்கூலுக்கு. நல்ல மனசோட தான் வருவாங்க, அதுல சந்தேகமில்ல. பரீட்சைக்கு முந்துன வாரம் வருவாங்க, பாட்டு டேன்ஸ்னு ரெண்டு நாள் போகும், பிஸ்கட் பாக்கெட் குடுக்கறத போட்டோ எடுக்கறதுக்குன்னு புள்ளைகள வெயில்ல வரிசைல நிக்க வெப்பாங்க. ஒருக்கா ஒரு ரெண்டாவது புள்ள பாக்கெட்ட வாங்கிட்டு கீழ எறங்கப் போச்சு, போட்டோ சரியா வரலைன்னு திரும்பக் கூப்புட்டு மறுக்கா குடுக்கற மாதிரி நிக்கச் சொன்னாங்க. அந்தப் புள்ள பாக்கெட்டத் திருப்பிக் கேக்கறாங்கன்னு நெனச்சு பின்னால மறைச்சுக்கிச்சு. எனக்கு இன்னிக்கும் அத நெனச்சா வயித்தக் கலக்குது. அதனால கண்ணு, குழந்தைக மூஞ்சி தெரியற போட்டோ எதையும் போனுல எடுத்துப் போடாத. அவங்க அம்மா கொழுந்து பறிச்சுட்டு இருப்பா, அவளக் கேக்காம அவ புள்ள படத்த ஊருக்கெல்லாம் காட்ட நமக்கு உரிமை இல்ல.

கம்போடியா வேண்டவே வேண்டாம். அங்க காப்பகத்துல இருக்கற குழந்தைகள்ல பெரும்பாலானவங்களுக்கு அப்பனோ ஆத்தாளோ உசுரோட இருக்கறாங்க, வெளிநாட்டுக்காரங்க பாக்க வந்து காசு குடுக்கறதாலயே காப்பகம் பெருகுதுன்னு அந்த நாட்டுலயே குழந்தைகள் சுற்றுலாப் பொருள் இல்லன்னு பிரச்சாரம் நடத்துனாங்க. ஆளுக மாறி மாறி வந்து பாசம் காட்டிட்டுப் போனா அந்த மனசு என்ன ஆவும், நீயே யோசிச்சுப் பாரு.

அந்த ஏஜென்சி உன்னைய போலீஸ் கிளியரன்ஸ் சர்டிபிகேட் கேட்டுச்சா? கேக்கலைன்னா அங்கயே விட்டுரு. நீ ஆருன்னே தெரியாம காச வாங்கிட்டு குழந்தைகக்கிட்ட விடறவன் நாளைக்கு ஆர வேணும்னாலும் விடுவான். கேக்காட்டியும் நீயா வாங்கி அதிபர் கையில குடு, உன் மேல மரியாதை வரும்.

என்ன பாடம்னா, ஒண்ணே ஒண்ணு எடுத்துக்க. எல்லாம் சொல்லிக்குடுக்கறேன்னு போகாத. எழுத்துக் கூட்ட வராத புள்ளைகள அடையாளம் கண்டு வாசிக்க வெக்கறது உனக்கு வரும், அந்தச் சத்தியமங்கலம் பஸ் பையன் கதைலயே தெரியுது. முதல் ரெண்டு நாள் பின் பெஞ்சுல உக்காந்து அந்த டீச்சர் எடுக்கறதப் பாரு, அப்புறம் அவங்க கூட நில்லு, அவங்களுக்கு முன்னால நிக்காத. காலைல ரெண்டு மணி நேரம் மட்டும் பாடம், மீதி ஊர் சுத்தறதுங்கறதும் எனக்கு ஒப்பல. ஸ்கூல் விட்டா நோட்டுத் திருத்தோணும், மறுநாளைக்குத் தயார் பண்ணோணும். பாடம் முடிச்சுப்போட்டு கடைசில ஒரு வாரம் தனியா ஊர் பாரு, ரெண்டும் நல்லா இருக்கும்.

உங்கம்மா கேட்டது நாயமான கேள்வி. அதுக்குப் பதில் போயிட்டு வந்ததுக்கப்புறம் நீ உன்ற ஊட்டுத் திண்ணைல மறுபடி உக்காருவியா மாட்டியாங்கறதுல இருக்குது.


ஈரோடு மஞ்சமண்டி எழுதியது:

ஊர் பாக்கறது பத்தி ஆரும் எழுதல, நான் எழுதறேனுங்க, ரெண்டு தடவ போயிருக்கேன்.

பிப்ரவரி மார்ச் தான் சரியான மாசம். தென்மேற்குப் பருவக்காத்து நம்ம வால்பாறைல எப்படி ஜூன் ஜூலைல கொட்டுதோ அதே காத்து தான் ஹட்டன் பக்கமும் கொட்டும், அப்பப் போனா பனி மூடி ஒண்ணும் தெரியாது. சிவனொளிபாத மலை சீசனும் டிசம்பர் பௌர்ணமில இருந்து வைகாசி விசாகம் (அவங்க வெசாக்) வரைக்கும் தான், அப்பத்தான் படி முழுக்க லைட் எரியும், வழில கடை இருக்கும். உயரம் 2,243 மீட்டர், நம்ம ஊட்டி உயரம் தான், ஆனா ஏறறது 5,000 படிக்கு மேல. ஹட்டன்ல இருந்து மஸ்கெலியா வழியா நல்லதண்ணிக்கு பஸ் இருக்குது, ராத்திரி 2 மணி வாக்குல ஏற ஆரம்பிச்சா சூரியன் வர்றப்போ உச்சில நிக்கலாம். காலைல மலையோட நெழல் முக்கோணமா மேகத்து மேல விழும் பாருங்க, அத நான் சொல்லி வெளங்காது. நம்மவங்களுக்கு சிவன் பாதம், பௌத்தர்களுக்கு புத்தர் பாதம், முஸ்லீம், கிறிஸ்தவங்களுக்கு ஆதாம் பாதம், எல்லாரும் ஒரே படில ஏறறாங்க, வயசான பாட்டிக பாடிட்டே ஏறுவாங்க.

ரயில விட்டறாதீங்க. கொழும்பு கோட்டைல இருந்து பதுளை போற வண்டி ஹட்டன், நானுஓயா, எல்ல வழி, 2025 நவம்பர் புயல்ல பாதை சேதமாச்சு, பூராவும் ஓடுதான்னு விசாரிச்சுக்கங்க. நம்ம மேட்டுப்பாளையம் ரயில் மாதிரி பல்சக்கரம் கெடையாது, அகலப் பாதையே 1,891 மீட்டர் உயரத்துல பட்டிப்பொல ஸ்டேசனுக்கு ஏறுது. தலவாக்கலை பக்கம் சென்கிளேயர், டெவன் ரெண்டு அருவியும் ரோட்டுல இருந்தே தெரியும். எல்லயத் தாண்டுனா ஒன்பது வளைவுப் பாலம், 1921ல கட்டுனது, அப்புறம் தெமோதரைல ரயில் வளைஞ்சு வந்து ஸ்டேசனுக்கு அடியிலயே குகைல பூந்து போவும். ரிசர்வ் டிக்கெட் சீக்கிரம் தீந்துரும். பாலத்து மேல நின்னு போட்டோ எடுக்கறவங்களப் பாத்து நீங்களும் தண்டவாளத்துல நிக்காதீங்க.

நுவரெலியாவுல இருந்து ஹோர்ட்டன் சமவெளி காலைல விடியறதுக்கு முன்னாலயே கெளம்போணும், 9, 10 மணிக்கு மேல உலக முடிவுன்னு பேரு வெச்ச எடத்துல பனி ஏறிக்கும், அந்தப் பாறை விளிம்புல இருந்து 800 மீட்டருக்கு மேல நேரா எறங்குது பள்ளம். வாசல்லயே பிளாஸ்டிக் கவரெல்லாம் வாங்கி வெச்சுக்குவாங்க. சீதா எலியல சீதை அம்மன் கோயில் ரோட்டோரமே இருக்குது, 2024 மே மாசம் கும்பாபிசேகம் ஆச்சு. சிகிரியா தூரம், டைம் இருந்தா பாருங்க, சார்க் நாட்டுக்காரங்களுக்கு டிக்கெட்ல சலுகை உண்டு, பாஸ்போர்ட் கையில வெச்சிருங்க. ஃப்ளைட் திருச்சில இருந்து கொழும்புக்கு இருக்குது, நமக்கு அது தான் பக்கம்.


கோத்தகிரி டேன்டீ எழுதியது:

அக்கா, இந்தத் திரிய நேத்தே பாத்தேன், எழுதலாமா வேண்டாமான்னு இருந்தேன். நான் கோத்தகிரி பக்கம் டேன்டீ (தமிழ்நாடு அரசுத் தேயிலைத் தோட்டம்) லைன்ல பொறந்தவன், இப்ப கோயமுத்தூர்ல ஆட்டோமொபைல் ஒர்க்ஷாப்ல இருக்கேன். எங்க அமுச்சி (அம்மாவோட அம்மா) இலங்கைத் தலவாக்கலைல பொறந்தவங்க.

நீங்க போறது ஏதோ வெளிநாட்டு ஊருன்னு மட்டும் நெனச்சுட்டுப் போகக் கூடாதுன்னு தான் எழுதறேன். 1823ல காப்பித் தோட்டத்துக்குன்னு நம்ம தமிழ்நாட்டு ஜில்லாவுல இருந்து கூட்டிட்டுப் போன சனங்க அவங்க. தலைமன்னார்ல எறங்கி மாத்தளை வரைக்கும் காட்டுல நடந்தே போனாங்க, வழில செத்தவங்க எத்தனையோ பேரு. 2023ல இரநூறு வருசம் ஆனப்போ அதே பாதைல நடந்து நெனவு கூர்ந்தாங்க. காப்பி நோய் வந்து அழிஞ்சப்புறம் தான் தேயிலை. நாடு சொதந்திரம் வாங்குன 1948லயே அவங்க குடியுரிமையப் பறிச்சாங்க. 1964ல சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தம் போட்டு, 5,25,000 பேரு இந்தியாவுக்கு, 3,00,000 பேரு அங்கன்னு தலைய எண்ணிப் பிரிச்சாங்க. அமுச்சிக்கும் அவங்க தங்கச்சிக்கும் நடுவுல கோடு விழுந்துருச்சு. அமுச்சி கப்பல்ல ராமேஸ்வரம் வந்து, மண்டபம் கேம்ப்ல இருந்து, இங்க டேன்டீக்கு வந்தாங்க. அங்க இந்தியாக்காரின்னாங்க, இங்க சிலோன்காரின்னாங்க, கடைசி வரைக்கும் அந்தப் பேரு போகல.

அமுச்சி ஸ்கூல் பக்கம் போனதில்ல. அம்மாக்காரி மலைக்குப் போனா கைக்குழந்தைய பிள்ளைக்காம்பராவுல விட்டுட்டுப் போவாங்க, அடுத்த புள்ளைகளப் பாத்துக்க அமுச்சி லயத்துலயே நின்னுருச்சு, பத்து வயசுல கூடை. கொழுந்து கிலோக் கணக்கு கொறஞ்சா அரைப்பேரு தான் போடுவாங்கன்னு சொல்லும், அந்த ‘பேரு’ங்கறது தான் ஒரு நாள் சம்பளம். அவங்க கையெழுத்து வாழ்நாள் பூரா கட்டைவிரல் ரேகை தான். அதனால வாசிக்கச் சொல்லிக்குடுக்கப் போறேன்னு நீங்க எழுதுனதப் படிச்சதும் எனக்கு என்னமோ ஆயிருச்சு. புள்ளைகக்கிட்ட “உங்க ஊர் எது”ன்னு கேட்டா தோட்டத்துப் பேரச் சொல்லும், அப்படியே ஏத்துக்கங்க, “இந்தியாவுல எந்த ஊரு”ன்னு துருவாதீங்க. அவங்க அந்த நாட்டுப் புள்ளைக.

ஒரே ஒரு உதவி. தலவாக்கலை பக்கம் போனா அமுச்சி தங்கச்சி குடும்பம் இருந்த தோட்டம் பேரு உங்களுக்குத் தனியா அனுப்பறேன். விசாரிக்க முடிஞ்சா விசாரிங்க, இல்லைன்னாலும் பரவால்ல. அந்தப் பக்கத்து மலைய ஒரு போட்டோ எடுத்துட்டு வந்தாப் போதும், அமுச்சி இப்ப இல்ல, அம்மாவுக்குக் காட்டோணும்.


கோபி பச்சவயல் எழுதியது:

எல்லாருக்கும் நெம்ப நன்றிங்க. பதினஞ்சு நாள் கழிச்சு வர்றேன், மன்னிச்சுக்கங்க.

ஏஜென்சிக்கு போன் பண்ணி போலீஸ் சர்டிபிகேட் வேணுமான்னு கேட்டேன், “அதெல்லாம் தேவையில்ல மேடம், பேமெண்ட் மட்டும் போதும்”னாங்க. விட்டுட்டேன். சென்னிமலை அண்ணன் குடுத்த நம்பர்ல அந்த வாத்தியார்கிட்டப் பேசி, அவரு மூலமா பக்கத்துத் தோட்டத்துப் பாடசாலை அதிபர்கிட்டப் பேசுனேன். “தரம் 4ல பதினோரு பேருக்கு வாசிப்பு வராது, அடுத்த வருசம் அதுக புலமைப்பரிசில் (ஸ்காலர்ஷிப்) பரீட்சைக்கு உக்காரோணும், அவங்கள மட்டும் எடுத்துக்குவீங்களா மகள்”னு கேட்டாரு. பதினோரு பேரு மட்டும் தான். ரெண்டு வாரத்த நாலு வாரமாக்கிட்டேன், அஞ்சாவது வாரம் ஊர் பாக்க. வலயப் பணிமனைக்கு லெட்டர் போயிருச்சு. டூரிஸ்ட் விசால இதுக்கு அனுமதி உண்டா இல்ல வேற விசாவான்னு சென்னைல இருக்கற இலங்கைத் துணைத் தூதரகத்துக்கு மெயில்லயே கேட்டிருக்கேன், எழுத்துல பதில் வராம டிக்கெட் போடப் போறதில்ல.

தரம் 4 தமிழ்ப் புத்தகம் எறக்கி ராத்திரி ராத்திரி படிக்கறேன். அம்மாவும் பக்கத்துல உக்காந்து கேக்கறாங்க. கோத்தகிரி தம்பி எழுதுனத அம்மாவுக்குப் படிச்சுக் காட்டுனேன், கொஞ்ச நேரம் ஒண்ணும் பேசல, அப்புறம் “அந்தப் பையனோட அமுச்சி தோட்டத்த மொதல்ல பாத்துட்டு வா, மத்ததெல்லாம் அப்புறம்”னாங்க. தம்பி, தோட்டம் பேரு அனுப்பி வைங்க.

ஊர்ல இருந்து புள்ளைகளுக்கு என்ன எடுத்துட்டுப் போறது? மிட்டாய் வேண்டாம்னு புரியுது. எனக்கு என்ன வேணும், குளிர் எப்படி?


ஆனைமலை டீச்சரம்மா எழுதியது:

புள்ளைகளுக்குன்னு தனித்தனியா ஒண்ணும் வேண்டாம் கண்ணு, பதினோரு பேருக்கு மட்டும் குடுத்தா மத்ததுக மூஞ்சி சுருங்கும். படம் போட்ட தமிழ்க் கதைப் புத்தகம், எழுத்து பெருசா இருக்கறது, முப்பது நாப்பது எடுத்துட்டுப் போயி அந்த டீச்சர் அலமாரில வெச்சுட்டு வா. எடுத்துட்டுப் போறதுக்கு முன்னால அதிபர்கிட்ட ஒரு வார்த்தை கேட்டுக்க.

உனக்கு ஸ்வெட்டர் ரெண்டு, ஒண்ணு நனைஞ்சா காயாது. குடை வேண்டாம், மழைக்கோட்டு. அட்டைக்கு எங்க எஸ்டேட்ல கால்ல சோப்பத் தண்ணியில்லாம தேச்சுட்டு எறங்குவாங்க, கடிச்சா புடுங்காத, உப்பு வெய்யி, தானா விழும்.